பஸ்லயா, மலையிலயா?

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை வந்து, கோழிக்குழம்பை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னாய்: "அம்மா, வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரே வார்த்தை சொல்லுங்க போதும். மாத்து ஆள் வராம நான் ஒரு நாளும் வார்டை விட்டுப் போனதில்லைன்னு." நான் பதில் சொல்வதற்குள் உன் போன் அடித்தது. பேசிக்கொண்டே போய்க் காரில் ஏறிவிட்டாய். நீ கேட்டது சின்ன உதவி என்று நினைத்திருப்பாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை எதிரே உட்கார வைத்துப் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன், நீயும் "ஃபீட்பேக் குடுங்கம்மா, திட்டாதீங்க" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் எழுதவில்லை. நர்சுகள் டீ குடிக்கும் அறையில் ஒரு பிரதியை ஒட்டச் சொல்லப் போகிறேன். அந்த அறையில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்தவள் நான். அதே ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கு நீ மேனேஜர். மகன் மேனேஜராக வந்தபோது ஏற்காட்டில் என்னைவிடப் பெருமைப்பட்டவள் யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டு பழக்கடைக்காரர் வரை கூப்பிட்டுச் சொன்னேன். நம் வீட்டுப் பிள்ளை, நர்சு பெற்ற பிள்ளை, நர்சுகளின் கஷ்டம் தெரிந்தவன் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறான், இனி அந்தப் பெண்களுக்கு விடிந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தது என் தப்பு.

நான் ரிட்டயர் ஆன அன்று நீ பேசியது ஞாபகம் இருக்கிறதா? எனக்குச் சால்வை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்து, "டென்ஷன்னா என்னன்னே எங்கம்மாவுக்குத் தெரியாதுங்க. முப்பது வருஷமா ஒரே சிரிச்ச முகம். இப்ப வர்ற பிள்ளைங்க எங்கம்மாவைப் பாத்துக் கத்துக்கணும்" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அங்கேயே எழுந்து, பொய் சொல்லாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சால்வையைப் போர்த்திக்கொண்டு சண்டை போட யாருக்கு வாய் வரும்? இப்போது அந்தப் பேச்சையே வார்டு நர்சு செல்வியின் தலையில் போட்டிருக்கிறாய். "எங்கம்மாவால முடிஞ்சது உங்களால ஏன் முடியல?" என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டாயாம். நான் பெற்ற பிள்ளை என்னையே கம்பாக எடுத்து இன்னொருத்தியை அடிக்கிறான். அந்தக் கம்பாக இருக்க எனக்கு இஷ்டம் இல்லை.

டென்ஷன் தெரியாத அம்மாவா? நீ வளர்ந்த வீட்டில் நானும்தான் இருந்தேன் சாமி. நான் டூட்டி முடித்து வந்ததும் நீ முதலில் என் முகத்தைப் பார்க்க மாட்டாய், செருப்பைப் பார்ப்பாய். ஜோடியாக விட்டிருந்தால் பக்கத்தில் வருவாய். ஒன்று வாசலிலும் இன்னொன்று படிக்குக் கீழேயும் கிடந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாய். உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே உன் அப்பாதான். "அம்மா டீ குடிக்கற வரைக்கும் ஒண்ணும் கேக்காத கண்ணு" என்று அவர் உன் காதில் சொல்வதைச் சமையல்கட்டில் நின்று நான் கேட்டிருக்கிறேன். வெறிநாயைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். அதற்கும் எனக்குக் கோபம் வரும். ஒரு தடவை ரசச் சட்டியைத் தட்டிவிட்டாய் என்று உன் முதுகில் கை பதிய அடித்தேன். டூரிஸ்ட் ஜீப் ஓட்டி அலுத்து வந்து படுத்திருந்த மனுஷன் எழுந்து வந்தார். குரலை உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. "ஆஸ்பத்திரில யார் மேலயோ வந்த கோவத்தையெல்லாம் இவன் முதுகுல எறக்கறயா? அங்க எல்லார்த்துக்கும் சிரிச்சுச் சிரிச்சுக் குடுக்கறயே, அதுல கொஞ்சம் மிச்சம் வெச்சு ஊட்டுக்குக் கொண்டாந்தா என்ன?" என்றார். மிச்சம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. நீ மைக்கில் புகழ்ந்த அந்தச் சிரித்த முகத்துக்கு நீயும் அவரும்தான் கூலி கொடுத்தீர்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நீயாவது மறக்காமல் இருந்திருக்கலாம்.

வேலை என்னை வாட்டியது என்று நினைக்காதே. எனக்குப் பிடித்த வேலை அது. ஊசி குத்துவதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், பிரசவத்துக்கு வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் எனக்கு அலுத்ததே இல்லை. எப்போது வீட்டுக்குப் போவேன் என்று தெரியாதது இருக்கிறதே, அதுதான் என்னைத் தின்றது. ஆள் வந்தால்தான் ஆள் போகலாம், அதுதான் சட்டம். சரி, நியாயமான சட்டம். ஆனால் வர வேண்டிய ஆள் சேலத்தில் இருக்கிறாள். அவளுக்கும் நமக்கும் நடுவில் மலை ரோடு இருக்கிறது. மழை பெய்தால் கல் சரியும், பனி இறங்கினால் பஸ் ஊரும், சீசனில் சுற்றிப் பார்க்க வந்தவன் வளைவில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுவான். பின்னால் நம்முடைய மாத்து ஆள் பஸ்ஸில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். இங்கே வார்டில் நான் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று நான் உனக்குச் சொன்ன வருஷங்களை எண்ணினால் கை விரல் போதாது. ஒரு வருஷம் நீயும் அப்பாவும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி கேட்டிலேயே வந்து நின்றுவிட்டீர்கள், டூட்டி முடிந்ததும் அப்படியே போய்விடலாம் என்று. மாத்து ஆளின் பஸ் வழியில் நின்றுவிட்டது. மாடி ஜன்னலில் இருந்து, நீங்கள் போங்கள் என்று கையாட்டினேன். உன் அப்பா கையாட்டினார். நீ ஆட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜீப்பில் ஏறினாய். அந்தக் கோபம் நல்ல கோபம் கண்ணு. பெரியவனானதும் அதை எங்கே கொண்டு போய்த் தொலைத்தாய் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

இப்போது 'ஏறிட்டேன்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். கைப்பேசி இல்லாத காலத்தில் கீழிருந்து வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்தோ அடிவாரத்து டீக்கடையிலிருந்தோ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து "ஏறிட்டேன்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் மேலே இருப்பவளுக்கு மூச்சு வரும். ஆனால் சேலத்துப் பெண்ணுக்கு ஏறிட்டேன் என்றால் பஸ்ஸில் ஏறிட்டேன். மலையில் பிறந்தவளுக்கு ஏறிட்டேன் என்றால் மலை ஏறி வந்துவிட்டேன், இதோ ஏரிப்பக்கம் நடந்து வந்துகொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மூத்த சிஸ்டர் ஒருத்தி சொன்னாள்: "ஏறிட்டேன்னு சொன்னா நம்பிராத புள்ள. பஸ்லயா, மலையிலயான்னு ஒரு கேள்வி கேட்டுப்போடு." அதிலிருந்து நாங்கள் எல்லோரும் கேட்போம். "பஸ்லயா, மலையிலயா?" கேட்டுவிட்டுச் சிரிப்போம். "மலையிலதானுங்க்கா, வந்துட்டேன்" என்று பதில் வந்தால் கைப்பையை எடுத்து வைத்துக்கொள்வோம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர மாட்டார்கள். மதியம் மாறும்போது காலை ஆளும் மதிய ஆளும் அரை மணி நேரம் சேர்ந்து வார்டில் இருப்போமே, அப்போது ஒருத்தி மாத்திரை எடுத்து வைத்துக்கொண்டே இன்னொருத்திக்குச் சொல்வது. எந்தக் கட்டில்காரருக்குக் காது கேட்காது, யார் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிப்பார், யார் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவார், எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் கை மாறும்.

அந்த அரை மணி நேரத்தை நீ எடுத்துவிட்டாய். "ஒரே வார்டுல ஒரே நேரத்துல ரெண்டு பேர் நின்னு என்ன பண்றாங்க? கதை பேசறாங்க" என்று மீட்டிங்கில் சொன்னாயாம். ஆமாம் கண்ணு, கதைதான் பேசினோம். அந்தக் கதையில்தான் நோயாளிகள் பிழைத்துக் கிடந்தார்கள். அதோடு விட்டாயா? நான் ரிட்டயர் ஆன இடத்துக்கு இன்று வரை ஆள் போடவில்லை. நாலு பேர் பார்த்த வார்டை மூன்று பேர் பார்க்கிறார்கள். செல்வி, மல்லிகா, கனகா. காலை, மதியம், ராத்திரி. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற இருவருக்கும் வீடு இல்லை. என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னாயே, என் நாற்காலியைக் காலியாக வைத்துவிட்டு யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்?

அதற்குப் பிறகு உனக்கே உறுத்தியதோ, மேலிடத்தில் சொன்னார்களோ, நர்சுகளின் மன அழுத்தத்தைக் குறைக்கிறேன் என்று ஒரு முகாம் போட்டாய். ராத்திரி டூட்டி முடித்த கனகாவை வீட்டுக்கு விடாமல் பாயில் உட்கார வைத்தாய். சேலத்திலிருந்து வந்த பயிற்சியாளர் ஆளுக்கு ஒரு பலூனைக் கொடுத்து, மனசில் இருக்கும் பாரத்தையெல்லாம் அதற்குள் ஊதிக் கட்டி உடைக்கச் சொன்னாராம். உடைத்த சத்தத்தில் வார்டில் இருந்த குழந்தைகள் வீரிட்டு அழ, மல்லிகா ஓடிப்போய்ச் சமாதானப்படுத்தினாளாம். கடைசியில் அவர், "உங்களுக்குச் சந்தோஷம் வர என்ன வேணும்? மனசைத் திறந்து சொல்லுங்க" என்றிருக்கிறார். கனகா பாவம், மனசைத் திறந்தே சொன்னாள். "இன்னொரு ஆள் வேணுமுங்க சார்." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இதுதாம்மா நெகட்டிவ் சிந்தனை. வெளியில தேடாதீங்க, உள்ள தேடுங்க" என்றாராம் அவர். எனக்கு இதைச் சொல்லும்போது கனகாவும் சிரித்தாள். "உள்ள தேடிப் பாத்தனுங்க்கா, அங்கயும் ஆள் இல்லீங்க" என்றாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்தது.

அந்த முகாமின் கடைசி வரம்தான் பெட்டி. கைப்பேசிதான் மனசைக் கெடுக்கிறது என்று பயிற்சியாளர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ரிசப்ஷனில் ஒரு மரப்பெட்டியை வைத்து, அதற்கு 'அமைதிப் பெட்டி' என்று பெயரும் எழுதி ஒட்டினாய். டூட்டிக்கு வந்ததும் போனை அதில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். அவசரம் என்றால் ரிசப்ஷனுக்குக் கூப்பிடலாம். உன் போனை மட்டும் நீ போடவில்லை. உனக்கு அமைதி வேண்டாம் போலிருக்கிறது.

இனி அன்றைக்கு நடந்தது. நீ விசாரணையில் கேட்கப் போகிறாய், அதற்கு முன்னால் என்னிடம் கேள். செல்வி வெள்ளக்கடை ஊர்க்காரி, பரம்பரையாக மலையிலேயே விவசாயம் பார்க்கிற வீட்டுப் பெண். கைக்குழந்தைக்காரி. இன்னொருத்தி விட்டுப் போன இடத்துக்கு, அந்த அரை மணி நேரம் போன பிறகு வந்து சேர்ந்தவள். தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கு நேரம் தவறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, உன் பெண்டாட்டியைக் கேட்டுப் பார். மார் கல்லாகக் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, கை தூக்க முடியாமல் வலிக்கும். கனகா காய்ச்சலில் வர முடியாததால் மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டார்கள்; முந்தின நாள் மதியம் வந்த செல்விதான் மறுநாள் மதியம் வரை நின்றாள். இடையில் ஒரே ஒரு தடவை, ஆயாவை வார்டில் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். மறுநாள் மதியம் அவள் புருஷன் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வண்டியில் வந்து கேட்டில் நிற்கிறான். அழுகை மாடிக்குக் கேட்கிறது. அந்தச் சமயத்தில் மல்லிகா சேலத்தில் பஸ் ஏறுகிறாள். செல்வியின் போன் பெட்டியில் கிடக்கிறது. மல்லிகா ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டு, "நான் ஏறிட்டேன்னு செல்விகிட்டச் சொல்லிருங்க" என்கிறாள். ரிசப்ஷன் பெண் மாடிப்படியில் நின்று, "அக்கா, மல்லிகா அக்கா ஏறிட்டாங்களாம்" என்று கத்திவிட்டு, மணி அடித்த அடுத்த போனை எடுக்கப் போய்விட்டாள்.

செல்விக்கு அது மலையிலதான். அவள் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். பஸ்லயா, மலையிலயா என்று கேட்கக் கையில் போன் இல்லை. கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அரை மணி நேரக் கதையும் இல்லை. மல்லிகா இந்நேரம் ஏரி தாண்டியிருப்பாள் என்று நினைத்தாள். உதவிக்கு இருந்த ஆயா நோயாளிகளின் ரத்தக் குப்பியைக் கொடுக்க லேபுக்குப் போயிருந்தாள். முதல் கட்டிலில் மாதையன் என்ற பெரியவர், காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர், நுரையீரலில் சளி கட்டிப் படுத்திருந்தார். அவரிடம் போய், "ஏனுங்க பெரியப்பா, அஞ்சு நிமிசத்துல ஆளு வந்துரும். அது வரைக்கும் எந்திரிக்காம இருங்க, சாமி புண்ணியமாப் போகும்" என்று கையைப் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் இறங்கிப் போனாள். வண்டி நிறுத்தும் கொட்டகையில், புருஷன் துண்டை விரித்து மறைக்க, குழந்தையை மாரில் போட்டாள்.

பெரியவர் எழுந்தார். பொண்ணு பாவம், வரட்டும், அதற்குள் நானே ஒண்ணுக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று எழுந்தாராம். சொட்டு மருந்துக் குழாய் காலில் சிக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. சத்தம் கேட்டுச் செல்வி ரவிக்கையைக்கூடச் சரி செய்யாமல் குழந்தையோடு மாடிக்கு ஓடினாள். மல்லிகாவின் பஸ் அப்போது அடிவாரத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை. இன்றைக்குப் பெரியவர் சேலத்தில் கால் அசைக்க முடியாமல் கிடக்கிறார். அவர் மகள் வந்து உன் அறையில் கத்தினாள். கத்த வேண்டியதுதான். அந்த மனுஷனின் வலியை நான் ஒரு நூல்கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மகளின் கோபத்துக்கு நீ செல்வியைப் பிடித்துக் கொடுக்கப் பார்க்கிறாய். அழுத்தத்தைத் தாங்கும் மனவலிமை இல்லாதவள் என்று எழுதி அனுப்பினால் இந்த மாவட்டத்தில் எவன் அவளுக்கு வேலை கொடுப்பான்? மிளகு விற்று, நிலத்தை அடகு வைத்து நர்சு படித்த பெண் அவள். கை கழுவிவிட்டால் உன் கை சுத்தமாகிவிடுமா?

நான் வந்து சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை இப்போது சொல்கிறேன். ஆள் வராமல் நான் வார்டை விட்டுப் போயிருக்கிறேன். நானும் போயிருக்கிறேன், எனக்கு முன்னால் இருந்தவர்களும் போயிருக்கிறார்கள். நீ பள்ளிக்கூடத்துக்கு வெளியே வண்டி இடித்துக் கையை உடைத்துக்கொண்டாயே, அன்றைக்கு "மலையிலதானுங்க்கா" என்ற குரலை மட்டும் கேட்டுவிட்டு, ஆள் முகத்தைப் பார்க்காமல் ஓடி வந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு நான் அழுதபோது வார்டில் நர்சு யாரும் இல்லை. யாரும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை, யாரும் விழவில்லை. அதிர்ஷ்டம், அவ்வளவுதான். என் பொறுப்பும் இல்லை, என் மனவலிமையும் இல்லை. இதை நான் குற்றம் ஒப்புக்கொள்கிற மாதிரி சொல்லவில்லை, இன்றைக்கும் அதே போன் வந்தால் அதே மாதிரி ஓடுவேன். எனக்கும் செல்விக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கு ஒரு கிழவர் எழுந்தார் என்பதுதான். எனக்குச் சால்வை, அவளுக்கு விசாரணையா?

அம்மா திட்டிக்கொண்டே இருக்கிறாள், என்ன செய்யச் சொல்கிறாள் என்று கேட்பாய். எனக்கு இங்கிலீஷில் பேசத் தெரியாது, பலூனும் ஊதத் தெரியாது. என் இடத்துக்கு ஒரு ஆளைப் போடு. அந்த அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடு. பெட்டியை உடைத்து அடுப்புக்குப் போடு, குளிருக்காவது ஆகும். கீழிருந்து வருகிற பெண்களுக்கு அடிவாரத்தில் ஒரு வண்டியை நிறுத்து. பிள்ளை பெற்றவள் மார் வலித்தால் போய் உட்காரக் கதவுள்ள ஒரு அறையைக் கொடு, கொட்டகையில் துண்டு பிடிக்க வைக்காதே. இவ்வளவும் செய்துவிட்டு, அப்புறம் வேண்டுமானால் எல்லோரையும் பாயில் உட்கார வைத்து மூச்சு இழுத்து விடச் சொல். நன்றாகவே இழுத்து விடுவார்கள். மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்பாய். மேலிடத்தில் போய்ச் சொல்வதற்குத்தானே உனக்கு அந்த நாற்காலி? அவர்கள் சொல்வதைக் கீழே வந்து சொல்ல ஒரு மைக் போதும், மேனேஜர் வேண்டாம்.

உன் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. அதுதான் கஷ்டம். நீ கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். நீ நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அம்மா டீ குடிக்கும் வரை பேசாதே என்றால் பேசாமல் இருந்த பிள்ளை. யாருக்குக் கோபம் வரும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்துவிட்டாய். இன்றைக்கும் மேலே இருப்பவர்களின் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பழக்கத்தை உனக்கு நான்தான் கொடுத்தேன். விட்டுவிடு கண்ணு, வயதாகிவிட்டது உனக்கு.

நேற்று சாயங்காலம் கனகா வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை விசாரணை மதியம் இரண்டு மணிக்கு உன் அறையில் என்றும், செல்வி, மல்லிகா, கனகா மூன்று பேரும் கட்டாயம் வர வேண்டும் என்றும் உத்தரவு போட்டிருக்கிறாயாம். நானும் வருகிறேன். நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல அல்ல, இதில் எழுதியதை எல்லோர் முன்னாலும் வாயால் சொல்ல வருகிறேன். செல்விக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன், எழுந்திருக்க மாட்டேன். ஆகையால் அம்மாதான் இருக்கிறாளே, அந்த நேரத்துக்கு அவளை வார்டில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதே. வார்டில் ஆள் இல்லாமல் போனது ஏன் என்று விசாரிக்க, இருக்கிற மூன்று பேரையும் வார்டை விட்டு வரச் சொல்லியிருக்கிறாய். அந்த நேரத்தில் அங்கே யாரப்பா இருப்பார்கள்?

உன் அம்மா